ஈயம் கடித்த வாய்

ஏப்ரல் 16, புதன்

மீன்பிடித் தடை நேற்று ஆரம்பித்துவிட்டது. இனி அறுபத்தோரு நாள் சவரிநாதன் வீட்டில். கட்டிய புருஷன் வீட்டில் இருந்தால் சந்தோஷம்தான், ஆனால் அவரோடு வலையும் வந்து உட்கார்ந்துகொள்கிறதே. அவர் தொழிலுக்குப் போகிற போட்டின் ஓனர் ஆறு வலை கொடுத்தனுப்பியிருக்கிறார், வலை முழுக அடியில் கட்டியிருக்கும் பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புது ஈயம் கட்டச் சொல்லி. முன்னறை முழுக்க வலை. அடுப்படிக்குப் போக வேண்டுமானால் தாண்டித்தான் போகணும். மகள் சாராவுக்கு மட்டும் கொண்டாட்டம், அதன்மேல் விழுந்து புரளுகிறாள்.

பால்வாடியில் இன்று ஒருத்திக்கு நன்றாகக் கொடுத்தேன். செங்கொடி என்று பேர். புளியந்தோப்பிலிருந்து கல்மண்டபத்துக்குக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவள் மகன் கௌதம் சுவரைச் சுரண்டிச் சுரண்டித் தின்கிறான். சாக்பீஸ் வைத்தால் சாக்பீஸ் காலி. மாலையில் பிள்ளையைக் கூப்பிட வந்தவளை எல்லா அம்மாக்கள் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்டேன்: பெத்துட்டா போதுமா, வாயில என்ன போகுதுன்னு பார்க்க வேண்டாமா, வீட்டில் வயிற்றுக்குச் சோறு போடுகிறாயா இல்லையா? அவள் பையன் வாயை முந்தானையால் துடைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்சம் காட்டமாகக் கேட்டுவிட்டீர்கள் டீச்சர் என்றாள் ஆயா சொக்கம்மாள். காட்டமாகக் கேட்டால்தான் உறைக்கும் என்றேன். பதிவேட்டிலும் எழுதி வைத்தேன், ‘தாயின் கவனக்குறைவு’ என்று.

ஏப்ரல் 19, பெரிய சனி



ஈஸ்டருக்குத் தைத்த கவுனைப் போட்டுப் பார்க்க சாராவைக் கூப்பிட்டேன். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. மிட்டாய் என்றுதான் நினைத்தேன். துப்பு என்றேன், துப்பவில்லை. விரலை விட்டு நோண்டி எடுத்தால் — ஈயத் துண்டு. பளபளவென்று. அதில் குட்டிக் குட்டியாகப் பல் பதிந்திருக்கிறது.

ஓங்கி ஒன்று விட்டேன். அஞ்சு விரலும் அப்படியே கன்னத்தில் பதிந்துவிட்டது. மூணேகால் வயசுப் பிள்ளை. அழக்கூட இல்லை, என் கையில் இருந்த ஈயத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவர் வந்ததும் கட்டில் கால் இடித்துவிட்டது என்றேன். நாளைக்குக் கோயிலுக்குப் போகும்போது பவுடர் கொஞ்சம் தடவிவிட வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

சாராவை எப்போதும்போலப் பால்வாடிக்குக் கூட்டிப்போயிருந்தேன். பாட்டு சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஜன்னல் கம்பியில் வாயை வைத்து பெயிண்ட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். உதடெல்லாம் பச்சை. “இன்னா டீச்சர், நம்ம பாப்பாவும் ஆரம்பிச்சிடுச்சா?” என்று சொக்கம்மாள் சிரித்தாள். அவள் வெகுளி, அவள் சிரித்தது ஒன்றுமில்லை. வாசலில் செங்கொடி நின்றுகொண்டிருந்தாள். பார்த்துவிட்டாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி வாயைத் திறந்தாள், அப்புறம் மூடிக்கொண்டு பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளும் சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

ஊருக்கெல்லாம் உபதேசம். என் வீட்டில்?

நாளையிலிருந்து சாரா அப்பாவோடு வீட்டிலேயே இருக்கட்டும். நாலு பேர் கண்ணில் படாமல் இருந்தால் போதும், பழக்கம் தானாகப் போய்விடும்.

ஏப்ரல் 24, வியாழன்

பாப்பா எங்கே என்று கேட்டார்கள். லேசாகக் காய்ச்சல் என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வருகிறது.

மே 2, வெள்ளி

கௌதம் நாலு நாளாக வரவில்லை. செங்கொடி நிறுத்திவிட்டாளாம். வீடு தேடிப் போய் விசாரிக்க வேண்டியது என் வேலை. போகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டாமே.

மே 5, திங்கள்

சாராவுக்கு வயிற்று வலி. மூன்று நாளாக வெளிக்குப் போகவும் இல்லை. சுருண்டு சுருண்டு படுக்கிறாள். தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மண், சுண்ணாம்பு, பெயிண்ட் இந்த மாதிரி ஏதாவது தின்கிறாளா என்று கேட்டார். நல்ல மனுஷன், சரியாகத்தான் கேட்டார்.

நான் என்ன சொன்னேன்? “இல்ல டாக்டர், நானே பால்வாடி டீச்சர். அதெல்லாம் கரெக்டா பாத்துக்குவேன்.”

டீச்சர் என்றதும் அவர் மேலே கேட்கவில்லை. பூச்சி மருந்தும் இரும்புச் சத்து டானிக்கும் எழுதிக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் சாரா என் சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டே வந்தாள்.

மே 12, திங்கள்

பால்வாடிக்குக் கோடை லீவு. இரண்டு வாரம். நானும் வலையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஈயம் கட்டுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. தகட்டுத் துண்டை அடிக்கயிற்றில் வைத்து மடக்கி, கடைவாயில் கொடுத்து ஒரே கடி. கயிற்றைக் கவ்விக்கொள்ளும், கடல் அடியில் இழுத்தாலும் வராது. இவர் கட்டிங் பிளேயரால் ஒன்று போடுவதற்குள் நான் மூன்று போட்டுவிடுவேன். காசிமேட்டில் எங்கள் தெருவில் பெண்களெல்லாம் இப்படித்தான். பல் பார்த்துத்தான் பெண் எடுப்பார்கள் என்று கிண்டல் செய்வார்கள். எட்டு வயதில் கடிக்க ஆரம்பித்தேன், எனக்கு என்ன ஆகிவிட்டது? குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

ஈயத்தை எல்லாம் பரண்மேல் டப்பாவில் போட்டுவிட்டேன், வேலை செய்யும்போது மட்டும் எடுப்பது. இனிமேல் சாராவுக்கு எட்டாது. மதியம் சங்கரா மீன் குழம்பு. எழுந்து அப்படியே அவளுக்கு ஊட்டினேன். மீனை என் வாயில் போட்டு, முள்ளை நாக்கால் ஒதுக்கி எடுத்துவிட்டு, சதையை மட்டும் அவள் வாயில் வைத்தேன். இரண்டு துண்டுதான் தின்றாள்.

மே 14, புதன்

இன்றைக்கு மூன்று அடி. காலையில் செருப்பு வாரை மென்றதற்கு. அப்புறம் சோப்பு. அப்புறம் எங்கிருந்து எடுத்தாளோ, வலை மடிப்பிலிருந்து ஒரு ஈயத் துண்டு. கை இரண்டிலும் வேப்பெண்ணெய் தடவிவிட்டேன். நக்கினாள். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. 

இன்னொன்று. எழுதவே பயமாக இருக்கிறது. பேச்சு குறைந்துவிட்டது. “அப்பா கடலு, அம்மா ஸ்கூலு, நானு சோறு” என்று நாளெல்லாம் பாட்டாகப் படிப்பாளே. இப்போது எது வேண்டுமானாலும் விரலை நீட்டி “ம்” என்கிறாள். நான் அடிப்பதாலா? இல்லை வேறு ஏதாவதா? யாரிடம் கேட்பது. கேட்டால் எல்லாம் சொல்ல வேண்டும்.

மே 15, வியாழன்

சண்டை. இவர் அதிர்ந்து பேசாத ஆள், அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

நாள் முழுக்க வீட்டில் இருக்கிற ஆம்பளைக்கு ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லையா, ஈயத்தைக் கண்ட இடத்தில் போட்டு வைத்தால் எடுக்காமல் என்ன செய்யும் என்று கத்தினேன். இவர் கையில் இருந்த வலையைக் கீழே வைத்தார்.

“நீ கடிக்கறத பாத்துதான் அது கடிக்குது, ஹில்டா. குந்தற தினுசு, கயித்த புடிக்கறது, தலைய சாய்க்கறது, அல்லாம் உன்ன மாரியே செய்யுது. நானும் ஏதோ வெளாட்டுன்னு சிரிச்சிகினு இருந்துட்டேன். ஸ்கூலுக்கு இட்டுகினு போய்கினு இருந்த புள்ளைய எதுக்கு நிறுத்தின? அங்க இருந்திருந்தா ஈயம் ஏது?”

எதுக்கு நிறுத்தினேன் என்று அவரிடம் சொல்லவில்லை. பால்வாடியில் பெயிண்ட்டைக் கடிக்கிறாள் என்று நாலு பேர் பார்க்கக் கூடாதென்று, நாள் முழுக்க ஈயத்தின் நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன். என் மானத்துக்காக. எனக்கு மானம் வேறு ஒரு கேடு.

மே 18, ஞாயிறு

பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். கோபப்பட்டேன் சாமி, மாதா வணக்க மாசத்தில் இரண்டு நாள் ஜெபமாலை சொல்லாமல் விட்டுவிட்டேன் சாமி. அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தையெல்லாம் விழுங்கிவிட்டேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே ஜெபம் கொடுத்தார். அதை முணுமுணுத்துவிட்டுப் பெரிய யோக்கியக்காரி மாதிரி நன்மை அப்பம் வாங்கப் போய் நின்றேன்.

சாரா முன் பெஞ்சின் விளிம்பைக் கடித்தாள். யாரும் பார்ப்பதற்குள் அவள் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சுவது மாதிரி இருந்திருக்கும்.

மே 21, புதன்

குழந்தைகள் ஆஸ்பத்திரி. வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாரா தூங்குகிறாள், கையில் ஊசி.

காலையில் எழுந்ததும் வாந்தி. நாலு தடவை. அப்புறம் துணி மாதிரி துவண்டுவிட்டாள், கூப்பிட்டால் கண் மேலே போகிறது. ஆட்டோவில் என் மடியிலேயே ஒரு உதறு உதறினாள். மாதாவே, மாதாவே என்று கத்திக்கொண்டே வந்தேன். வேறு எதுவும் ஞாபகம் இல்லை.

டாக்டர் சின்னப் பெண், என்னைவிட இளையவள். பேர், வயது எழுதிக்கொண்டு, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். “வூட்லதான் கீறேன்” என்றேன். பால்வாடி டீச்சர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். வயிற்றில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. ஏழோ எட்டோ. இது ஏதோ உலோகம், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். இவர் வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். எனக்கே தெரியாது எப்படி வந்ததென்று.

“ஈயம் டாக்டர். வலைக்குக் கட்டறது. நான் பல்லால கடிப்பேன். என்ன பாத்து அதுவும் கடிக்குது. எனக்கு ஒரு மாசமா தெரியும்.”

“ஒரு மாசமாவா?” என்றாள்.

திட்டவில்லை. அந்த ஒரு வார்த்தைதான். செங்கொடியை நான் கேட்ட கேள்வியெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

பிள்ளைக்கு எப்படி ஊட்டுவீர்கள் என்று அடுத்துக் கேட்டாள். மீன் முள்ளை வாயால் எடுத்துவிட்டு ஊட்டுவேன் என்றேன். வேலைக்கு நடுவிலேயா, வாய் கொப்பளிப்பீர்களா, கை கழுவுவீர்களா? முதல் கேள்விக்கு ஆமாம், மற்ற இரண்டுக்கும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும் என்றாள்.

ஈயத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேனே. என் வாயிலிருந்து அவள் வாய்க்கு.

மே 23, வெள்ளி

ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் ஈயம் சாராவுக்கு ஐம்பத்திரண்டு. அஞ்சைத் தாண்டினாலே கவனிக்கணுமாம். எனக்கு முப்பத்தெட்டு.

குத்துக்கல் மாதிரி இருக்கிறேன் என்று எழுதினேன் இல்லையா. இந்தத் தலைவலி, கால் குடைச்சல், சுள்ளென்று வருகிற கோபம், எல்லாம் என் சுபாவம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கோபத்துக்கெல்லாம் ஈயத்தின்மேல் பழி போட்டுத் தப்பிக்கக் கூடாது. செங்கொடியைக் கேட்டது ஈயம் இல்லை.

மே 26, திங்கள்

மருந்து அழுகின முட்டை மாதிரி நாறுகிறது. சாரா வாயை இறுக்க மூடிக்கொள்கிறாள். கண்டதையும் கடிக்கிற பிள்ளை, தேவையான ஒன்றை மட்டும் வாயில் வாங்க மாட்டேன் என்கிறாள்.

வயிற்றில் இருந்த பொட்டெல்லாம் வெளியே போய்விட்டது. பேச்சு திரும்புமா என்று டாக்டரைக் கேட்டேன். வரலாம், கொஞ்சம் கொஞ்சமாக வரும், ஆனால் முழுக்க வருமென்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். பொய் சொல்லித் தேற்றவில்லை. அதற்கு அவளுக்கு நன்றி சொல்லணும், இன்னும் சொல்லவில்லை.

மே 31, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். வலை ஒன்றுகூட இல்லை. இவர் எல்லாவற்றையும் துறைமுகத்து ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். தரை, சுவர், கட்டில் கால் எல்லாம் ஈரத்துணியால் மூன்று நாள் துடைத்தாராம். பாயையும் தலையணையையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கியிருக்கிறார். நான் வரும்போதும் முட்டி போட்டு வாசப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிள்ளையை ஏன் பால்வாடிக்குக் கூட்டிப்போகாமல் நிறுத்தினேன் என்று நானே சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். “சரி வுடு” என்றார். அது மன்னிப்பா, சலிப்பா, தெரியவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

ஜூன் 4, புதன்

செங்கொடி வீட்டுக்குப் போனேன். சந்தில் மூன்றாவது வீடு, ஒற்றை அறை. பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருக்கிறது. எதை எதிர்பார்த்துப் போனேன் நான்?

கௌதம் தட்டில் சோறும் கருவாடும் வைத்துத் தானே தின்றுகொண்டிருந்தான். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காருங்க டீச்சர் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டது தப்பு. எங்கள் மாதா கோயில் பெண் ஒருத்தியாக இருந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன், அதுவும் எனக்குத் தெரியும். அப்புறம் சாரா கதையை முழுக்கச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் வேலையை மறைத்ததுவரை.

அவள் சிரிக்கவில்லை. பாப்பா இப்போது எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள். அப்புறம் சொன்னாள்:

“நீங்க கேட்டது தப்பில்ல டீச்சர், கேட்ட எடம்தான். எம் புள்ள சோறு துன்னாத நாளே கெடியாது. போன வருசமே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய் ரத்தம் எடுத்து பாத்துட்டேன். பழைய பெயிண்ட்டுல ஈயம் கீதாம், அத துன்னா ரத்தத்துல ஏறிக்குமாம், அதான் அந்த வூட்டையே காலி பண்ணிகினு இங்க வந்தோம். பாப்பா ஜன்னல்ல வாய வச்சிகினு இருந்தத அன்னிக்கே பாத்தேன். ரத்தம் பாருங்கன்னு சொல்லலாம்னுதான் வந்தேன். எங்க கோச்சிப்பீங்களோன்னு வாய மூடிகினு போய்ட்டேன்.”

ஏப்ரல் இருபத்து மூன்று. ஒரு வார்த்தை. அவள் சொல்ல வந்திருக்கிறாள். நான்தான் ஒரு வாரம் முன்னாலேயே அவள் வாயை அடைத்து வைத்துவிட்டேனே. அதற்கப்புறம் நாலு வாரம் என் பிள்ளை ஈயம் தின்றிருக்கிறாள்.

அங்கேயே அழுதுவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள், தொடவில்லை. கௌதமைத் திரும்ப அனுப்புவாயா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் டீச்சர் என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஜூன் 11, புதன்

அம்மாக்கள் கூட்டம். இருபத்திரண்டு பேர். சாராவை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னேன். ஜன்னல் பெயிண்ட்டைச் சுரண்டி மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றேன், ஈயத்தைப் பல்லால் கடிக்காதீர்கள் என்றேன். உபதேசமாகத்தான் ஆரம்பித்தேன், பழக்கதோஷம். பாதியில் விட்டுவிட்டு, நான் கடித்தேன், என் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது, வெட்கப்பட்டு மறைத்தேன் என்று சொல்லிவிட்டேன். காசிமேட்டுக்காரி ஒருத்தி முந்தானையால் மெல்ல வாயைத் துடைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கூட்டம் கலைந்தபோது ஏழு பேர் மட்டும் போகாமல் நின்றார்கள், ரத்தம் எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டு.

செங்கொடி வரவில்லை. சொக்கம்மாளிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள், திங்கட்கிழமை கொண்டுவந்து விடுகிறாளாம்.

ஜூன் 16, திங்கள்

தடை முடிந்து இவர் நேற்றுக் கடலுக்குப் போய்விட்டார். இரண்டாவது ரத்தப் பரிசோதனை: சாராவுக்கு இருபத்தாறு. பாதி. இன்னும் மருந்து இருக்கிறது, மாதா மாதம் போக வேண்டும். கடிப்பதும் முழுக்க நிற்கவில்லை. ஆனால் நான் அடிப்பது நின்றிருக்கிறது. எதை எடுத்தாலும் கையை அவள் வாய்க்குக் கீழே ஏந்திக்கொண்டு, துப்பும்மா, நல்ல புள்ள இல்ல, துப்பு என்கிறேன். சில நேரம் துப்புகிறாள்.

கௌதம் வந்துவிட்டான். சாராவும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை தின்றார்கள்.

மாலையில் வீட்டில் அவள் கவுனின் கீழ்மடிப்பு பிரிந்திருந்ததைத் தைத்தேன். முடிச்சுப் போட்டு, நூலைக் கடைவாயில் கொடுத்துக் கடித்தேன். எட்டு வயசுப் பழக்கம், யோசிக்கவே இல்லை. சாரா ஓடிவந்தாள். என் முழங்காலில் ஏறி நின்றுகொண்டு உள்ளங்கையை என் வாய்க்குக் கீழே ஏந்தினாள்.

“துப்பும்மா.”

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது அவள் ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்லி. நூல்தான், ஈயம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் கையில் துப்பினேன். எச்சிலில் ஒட்டிக்கொண்டிருந்த துளி நூலை உற்று உற்றுப் பார்த்தாள். அப்புறம் என் தாடையைப் பிடித்து இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“உள்ள இன்னும் கீதா?” என்றாள்.

இல்லை என்றேன். நம்பவில்லை. நன்றாகத் திறந்து காட்டினேன்.